கோர்ட் கலையும் வரை

வேடியப்பனை வாளியால் அடித்தேன். அடிக்கவில்லை என்று நான் எங்கேயும் சொன்னதில்லை. ஆனால் அது பிளாஸ்டிக் வாளி. பச்சை நிறம், கைப்பிடி ஒரு பக்கம் ஏற்கெனவே கழன்றது. அவன் கொடுத்த புகாரில் அது இரும்பு வாளியாகிவிட்டது. நான் கொடுத்த புகாரில் அவனுடைய வெறுங்கை சவுக்குக் கட்டையாகிவிட்டது. ஆகவே நானும் ஒன்றும் யோக்கியம் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு படித்துவிட்டு யாரும் என்னிடம் நியாயம் பேச வரவேண்டாம்.

வேடியப்பன் என் கணவருடைய தம்பி. கிரிவலப் பாதையில் அடி அண்ணாமலைக்குக் கொஞ்சம் முன்னால் எங்கள் இரண்டு வீடும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன, நடுவில் என் பாகத்தைச் சேர்ந்த ஒரு சந்து. பௌர்ணமிக்குப் பௌர்ணமி லட்சக்கணக்கான ஜனங்கள் எங்கள் வாசல் வழியாக மலையைச் சுற்றுவார்கள். பதினாலு கிலோமீட்டர் நடக்கிறவர்களுக்குச் சாமி மட்டும் போதாது, கழிப்பறையும் வேண்டும். அதனால் பாதையோரம் வீடு வைத்திருக்கிறவர்கள் எல்லாரும் அன்றைக்கு வாசலில் 'கழிப்பறை, குளியலறை உண்டு' என்று ஒரு போர்டு நட்டுவிடுவோம். நான் நடுவேன், அவனும் நடுவான். என் போர்டில் மட்டும் சிவப்புப் பெயின்ட்டில் பெரிய அம்புக்குறி இருக்கும், தூரத்தில் வரும்போதே தெரிகிற மாதிரி.

சித்ரா பௌர்ணமி அன்று மதியம் மூன்று மணி இருக்கும். தண்ணீர்த் தொட்டியை நிரப்பிவிட்டு வாளியோடு வெளியே வந்தேன். என் போர்டு என் வாசலில் இல்லை. பிடுங்கி, அவன் வீட்டுக்கு அந்தப் பக்கத்தில் நட்டு வைத்திருந்தான். என் அம்புக்குறி அவன் வீட்டுக் கதவைக் காட்டிக்கொண்டிருந்தது. விழுப்புரம் பக்கத்துப் பெண்கள் ஒரு கூட்டமாக என் போர்டைப் படித்துவிட்டு அவன் வீட்டுக்குள் நுழைந்தார்கள்.

"இன்னாடா இது?" என்றேன்.

"காத்துல நவுந்திருக்கும் அண்ணி."

"காத்து வந்து குழி தோண்டி நட்டுச்சா?"

அவன் சிரித்தான். பிறகு நடந்து போகிறவர்களுக்கும் கேட்கட்டும் என்று குரலை உயர்த்தினான். "தாலி அறுத்தவ வூட்ல குளிச்சிட்டு சாமியச் சுத்தினா இன்னா புண்ணியம் கெடைக்கும்? ஜனங்களுக்கு நல்லதுதான் பண்ணிகினு இருக்கேன்."

என் கணவர் போய் அப்போது மூன்று வருடம்கூட ஆகவில்லை. அவர்தான் இவனைத் தோளில் தூக்கி வைத்துத் தேர் காட்டியவர். வாளி கையில் இருந்தது. அடித்தேன். அவன் என் கன்னத்தில் அறைந்து தள்ளினான், நான் குழாயடியில் விழுந்து முழங்கை தேய்ந்தது. நான் நாலு வார்த்தை சொன்னேன், அவன் எட்டு சொன்னான். பிறகு போலீஸ் ரைட்டர் அதையெல்லாம் 'ஆபாச வார்த்தைகள்' என்று இரண்டே சொல்லில் அடக்கிவிட்டார்.

எங்கள் பக்கத்தில் அடிதடி முடிந்தால் யாரும் முதலில் ஸ்டேஷனுக்குப் போவதில்லை. ஆஸ்பத்திரிக்குத்தான் ஓடுவார்கள். அட்மிட் ஆனவன் கொடுக்கும் புகார் கனமான புகார். நடந்து வந்து கொடுக்கிறவனை உட்காரச் சொல்லக்கூட ஆள் இருக்காது. இது யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை, எல்லாருக்கும் தெரியும். வேடியப்பன் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு ஓர் ஆட்டோவில் ஏறினான். நான் அடுத்த ஆட்டோவில் ஏறினேன். கூட்டத்தில் இரண்டு ஆட்டோவும் ஒன்றன்பின் ஒன்றாக ஊர்ந்தன, வழி முழுக்க அவன் முதுகைப் பார்த்துக்கொண்டே போனேன்.

ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தால் அவன் பெண்டாட்டியும் ஒரு கட்டிலில் படுத்திருந்தாள். சண்டை நடந்தபோது அவள் உள்ளே காசு வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தாள், ஒரு துளி தண்ணீர்கூட அவள் மேல் படவில்லை. இப்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டு முனகினாள். அவர்கள் பக்கம் இரண்டு கட்டில், என் பக்கம் ஒன்று. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் மகளுக்குப் போன் போட்டேன்.

கவிநிலாவுக்கு இருபத்திரண்டு வயது. இரண்டாம் நிலைக் காவலர் தேர்வு எழுதித் தேறி, நானூறு மீட்டர் ஓடித் தேறி, பட்டியலில் பெயரும் வந்துவிட்டது. போலீஸ் விசாரித்துச் சான்று கொடுப்பது மட்டும் பாக்கி. அதுவரைக்கும் கீழ்பென்னாத்தூரில் ஒரு பயிற்சி மையத்தில் கணக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். போன் வந்ததும் வகுப்பை விட்டு பஸ் ஏறி, நேராக ஆஸ்பத்திரிக்கு வந்தாள். மூச்சு வாங்க வந்து நின்றவளிடம் நான் கேட்ட முதல் வார்த்தை சாப்பிட்டாயா என்பது இல்லை.

"பக்கத்துக் கட்டில்ல படு" என்றேன்.

"எதுக்கும்மா?"

"உன்னையும் அடிச்சான்னு சொல்லியிருக்கேன்."

"நான் அங்க இல்லவே இல்லையேம்மா. மூணு மணிக்கு கிளாஸ்ல இருந்தேன்."

"இருந்தியா இல்லையான்னு எவன் பாத்தான்? உங்க சித்தி மட்டும் அங்க இருந்தாளா? எப்படி மொனவறா பாரு. படுடி."

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டுப் படுத்தாள். சின்ன வயதிலிருந்து என் குரல் அந்த அளவுக்கு ஏறினால் அவள் எதிர்த்துப் பேசமாட்டாள். அது என் வளர்ப்பு என்று அன்றுவரை பெருமையாக இருந்தேன். டாக்டர் வந்து எங்கே வலி என்று கேட்டார். அவள் வாயைத் திறக்கவில்லை. வலது தோள் என்று நான் சொன்னேன், அவர் எழுதினார். அங்க அடையாளம் இரண்டு கேட்டார். இடது மணிக்கட்டில் மச்சம், தாடைக்குக் கீழே தழும்பு. அதையும் எழுதினார்.

மறுநாள் அவன் புகாரில் ஒரு கேஸ், என் புகாரில் ஒரு கேஸ் என்று இரண்டு போட்டார்கள். பிறகு அவன் கேஸின் எஃப்.ஐ.ஆர். நகல் கைக்கு வந்தது. முதல் எதிரி ரேணுகாம்பாள், அது நான். இரண்டாவது எதிரி கவிநிலா. வேடியப்பனின் இரண்டு கையையும் என் மகள் பின்னால் இருந்து பிடித்துக்கொண்டாளாம், நான் இரும்பு வாளியால் மண்டையில் அடித்தேனாம்.

தெரியாமல் செய்ததில்லை. பட்டியலில் அவள் பெயர் வந்த அன்று, முதல் லட்டை அவன் வாயில்தான் வைத்தோம். எந்த வேலை, எப்போது விசாரணை என்று எல்லாம் விசாரித்துத் தெரிந்துகொண்டு தின்றான். எதிராளி வீட்டில் யாருக்கு வேலை வரப்போகிறதோ அவன் பெயரைப் புகாரில் சேர் என்பதும் எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம்தான். சொந்த அண்ணன் மகள் மேல் அதைச் செய்தான். அவன் நன்றாக இருக்கமாட்டான் என்று அன்றைக்கே மண்ணை வாரித் தூற்றினேன்.

சொந்தக்காரர் ஒருவர் சொல்லி அருள்ராஜ் என்கிற வக்கீலைப் பார்த்தோம். கோர்ட் கேன்டீனுக்கு வெளியே நின்று டீ குடித்துக்கொண்டே எஃப்.ஐ.ஆரைப் புரட்டினார்.

"ஒண்ணும் இல்லம்மா, டெய்லி வர்ற கேஸ்தான் இது. ரெண்டு பேரும் ஒத்துக்கினு ஃபைன் கட்டிட்டு வந்துடலாம். ஒரே நாள் வேல."

எனக்குப் பிடித்திருந்தது. வக்காலத்தில் கையெழுத்துப் போடப் பேனாவைக்கூட வாங்கிவிட்டேன்.

"சார், ஒத்துக்கிட்டா அது தண்டனைதானே?" என்றாள் கவிநிலா.

"வெறும் ஃபைன்தாம்மா."

"ஃபைனும் தண்டனைதானே சார்? எனக்கு போலீஸ் வேலை வந்திருக்கு."

அருள்ராஜ் டீ கிளாஸைக் கீழே வைத்தார். அதை முன்னாடியே சொல்லக்கூடாதா என்றார். முன்னாடியே கேட்கக்கூடாதா என்று இவள் கேட்டாள். என் கையிலிருந்த பேனாவை வாங்கி அவர் சட்டைப் பையில் செருகிவிட்டுத் திரும்பி நடந்தாள்.

அடுத்த வக்கீலை அவளே தேடிப் பிடித்தாள். பெயர் ஜீனத், முப்பத்தைந்து வயது இருக்கும். ஜெராக்ஸ் கடைக்கு மேல் ஒரே ஓர் அறை. நாங்கள் போனதும் அந்த அம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீங்க கொஞ்சம் வெளிய உக்காருங்க."

"நான் இவ அம்மா."

"கேஸ்ல நீங்க ஏ-ஒன். அவங்க ஏ-டூ. நான் ஏ-டூவுக்குத்தான் வக்கீல்."

"அவளுக்குன்னா எனக்கும்தானே?"

"இல்ல. உங்களுக்கு நல்லது அவங்களுக்கு நல்லதா இருக்காது. அவங்களுக்கு நல்லது உங்களுக்கு ஆகாது. உங்களுக்கு வேற வக்கீல் வச்சிக்குங்க."

பெற்ற பெண்ணையும் என்னையும் பிரிக்க இவள் யார் என்று இருந்தது. படிக்கட்டில் உட்கார்ந்து அரைமணி நேரம் மனதுக்குள் திட்டினேன். பிறகு உள்ளே கூப்பிட்டார். மேஜைமேல் காகிதங்கள் பரப்பியிருந்தன. கவிநிலா தலையைக் குனிந்திருந்தாள், அவளுக்கும் நன்றாகத் திட்டு விழுந்திருக்கிறது என்று முகத்திலேயே தெரிந்தது.

"அசிங்கமா பேசினதுக்கு மூணு மாசம் வரைக்கும் போடலாம்" என்றார் ஜீனத். "கையால அடிச்சா ஒரு வருஷம் வரைக்கும். ஆயுதத்தால அடிச்சா மூணு வருஷம், அதுக்குத்தான் உங்க வாளி இரும்பாச்சு. கொன்னுடுவேன்னு மிரட்டினா ஏழு வருஷம் வரைக்கும் போகும். இதெல்லாம் மேல் வரம்பு, இந்த மாதிரி சண்டைக்கு யாரும் அவ்ளோ குடுக்கமாட்டாங்க. உங்களுக்குப் பிரச்சனை கம்மிதான். உங்க பொண்ணுக்குத்தான் ஜாஸ்தி."

"அவளுக்கும் ஃபைன்தானே வரும்?"

"அவங்களுக்கு ஃபைனும் வரக்கூடாது. ராஜி பண்ணிக்கிட்டு விடுதலை ஆனாலும் போலீஸ் வேலையில அத நோண்டுவாங்க. சாட்சி பத்தலன்னு விடுதலை ஆனாலும் நோண்டுவாங்க. குற்றப்பத்திரிகைலயே அவங்க பேரு வரக்கூடாது. அத நான் பண்ணணும்."

"அவ அங்க இல்லவே இல்ல மேடம். சென்டர்ல கையெழுத்து போட்டிருக்கா. வேடியப்பன் சொல்றது பச்சைப் பொய்."

"தெரியும். ரெஜிஸ்டர பாத்துட்டேன்." ஒரு காகிதத்தை எடுத்து என் பக்கம் தள்ளினார். "அப்ப இது யாரு?"

ஆஸ்பத்திரிக் காகிதம். இடது மணிக்கட்டில் மச்சம். தாடைக்குக் கீழே தழும்பு. மூன்று மணிக்கு வீட்டு வாசலில் தெரிந்த நபரால் தாக்கப்பட்டதாக, வலது தோளில் வலி.

"வேலைக்குப் போட்ட மனுவுலயும் இதே மச்சம், இதே தழும்பு. ஆள் மாறிப்போச்சுன்னுகூட சொல்லமுடியாது. உங்க கொழுந்தன் சொன்ன பொய்க்கு சாட்சியே இல்லம்மா. நீங்கதான் அவருக்கு சாட்சி தயார் பண்ணிக் குடுத்திருக்கீங்க."

கத்தினேன். வக்கீல் என்றால் காப்பாற்ற வேண்டும், குத்திக் காட்டக்கூடாது என்றேன். ஊரில் எல்லாரும் செய்வதைத்தான் செய்தேன் என்றேன். ஜீனத் நான் முடிக்கும்வரை பேனா மூடியைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார்.

"ஒரு வழிதான் இருக்கு. பொண்ணு அங்க இல்ல, நான்தான் பொய்யா படுக்க வச்சேன்னு நீங்க சத்தியப் பிரமாணம் எழுதி டி.எஸ்.பி.கிட்ட குடுக்கணும். வாயத் தொறக்காம படுத்துட்டேன்னு அவங்களும் எழுதிக் குடுப்பாங்க. ரெஜிஸ்டரோட சேத்து விசாரிச்சா பேர எடுத்துடுவாங்க."

"குடுத்தா எனக்கு இன்னா ஆவும்?"

"பொய்ப் புகார் குடுத்ததுக்கு உங்க மேல தனியா கேஸ் வரும். ஒரு வருஷம் வரைக்கும் ஜெயில், இல்லன்னா ஃபைன், இல்ல ரெண்டுமே. உங்க வக்கீலா இருந்தா நான் இதுல கையெழுத்து போடவே வேணாம்னு சொல்லுவேன். நான் உங்க வக்கீல் இல்ல."

அன்று கையெழுத்துப் போடவில்லை. அதையும் மறைக்காமல் சொல்கிறேன். பெற்றவள் என்றால் அந்த நிமிஷமே போட்டிருக்க வேண்டும் என்று நினைப்பீர்கள். ஜெயில் என்ற வார்த்தையை ஒருவர் நேருக்கு நேர் சொல்லிக் கேட்டுப் பாருங்கள், பிறகு பேசலாம். எட்டு நாள் போயிற்று. கவிநிலா என்னிடம் பேசவில்லை. விடியற்காலையில் எழுந்து ஓடப் போவாள், வந்து குளித்துவிட்டுக் கீழ்பென்னாத்தூர் பஸ் பிடிப்பாள். வேலை வருமா வராதா என்று தெரியாமல் எதற்கு இப்படி ஓடுகிறாள் என்று எனக்குக் கோபம்கூட வந்தது.

ஒன்பதாம் நாள் வேடியப்பன் வந்தான். தலைக்கட்டு ஸ்டேஷனுக்குப் போகும்போது மட்டும்தான் இருக்கும், அன்று இல்லை. வாசலிலேயே நின்றான்.

"அண்ணி, நமக்குள்ள எதுக்கு? நான் வந்து சொல்லிடறேன், பொண்ணு இல்ல, கூட்டத்துல கொழம்பி பேர சேத்துட்டேன்னு. நீ போர்ட எடுத்துடு. சந்த எனக்கு எழுதிக் குடுத்துடு. அவ்ளோதான்."

என் மகளின் வாழ்க்கையை ஒரு சந்துக்கு விலை பேசினான். அதுவும் அவன் பறித்து வைத்துக்கொண்டதை எனக்கே விற்க வந்தான். பச்சை வாளி எங்கே என்று என் கண் தேடியது. அப்போதுதான் ஒன்று உறைத்தது. ஆஸ்பத்திரிக் காகிதத்தில் அவள் மச்சம், தழும்பு வரைக்கும் எழுதியிருப்பது இந்த மடையனுக்குத் தெரியாது. அவன் வந்து சொன்னால் மட்டும் அவள் பெயர் போகாது. ஆனால் அவள் அங்கே இல்லை என்று நான் எழுதிக் கொடுத்துவிட்டால், அவள் கையைப் பிடித்தாள் என்று எழுதிக் கொடுத்த இவனும் பொய்ப் புகார்க்காரன்தான். நான் உள்ளே போனால் தனியாகப் போகமாட்டேன்.

"போடா" என்றேன். "சந்தும் கெடையாது, ஒண்ணும் கெடையாது. கோர்ட்டுக்கு நல்ல சட்டையா பாத்து தச்சி வச்சிக்க."

மறுநாள் காலை கையெழுத்துப் போடப் போனேன். எனக்கென்று அருள்ராஜையே வக்கீலாக வைத்திருந்தேன், அவரிடம் சொன்னபோது பைத்தியமா உனக்கு என்று கேட்டார். ஜீனத் அறைக்கு ஏறும் படியில் கவிநிலா நின்றாள். ஒன்பது நாள் கழித்து முதல் தடவையாகப் பேசினாள்.

"சித்தப்பா வந்துட்டுப் போனதும் கிளம்பியிருக்க. இது எனக்காகவா, அவர மாட்டி உடறதுக்கா?"

உனக்காகத்தான் என்று சொல்ல நாக்கு நுனி வரைக்கும் வந்தது. சொல்லியிருந்தால் அது இன்னொரு பொய்.

"ரெண்டுக்கும்தான்" என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். சந்தோஷமா வருத்தமா என்று தெரியவில்லை. எனக்கு முன்னால் ஏறிப் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு விசாரணை. பயிற்சி மையத்து ரெஜிஸ்டரைக் கொண்டுபோனார்கள், கூட வேலை பார்க்கிறவர்களைக் கேட்டார்கள், வேடியப்பனையும் அவன் பெண்டாட்டியையும் தனித்தனியாக உட்கார வைத்துக் கேட்டார்கள். எந்தப் பக்கமிருந்து வந்தாள், எப்படிப் பிடித்தாள் என்ற கேள்விக்குப் புருஷன் ஒன்று சொன்னான், பெண்டாட்டி ஒன்று சொன்னாள். குற்றப்பத்திரிகையில் கவிநிலாவின் பெயர் இல்லை. வேலைக்கான விசாரணைப் படிவத்தில் நடந்ததை ஒன்று விடாமல் எழுதினாள். மறைத்தால் அதற்கே வேலை போய்விடும் என்று ஜீனத் பக்கத்திலேயே உட்கார்ந்து எழுத வைத்தார். மற்றவர்களுக்கு வந்து மூன்று வாரம் கழித்துத்தான் இவளுக்கு உத்தரவு வந்தது. அந்த மூன்று வாரமும் தபால்காரர் சைக்கிள் மணிச் சத்தம் கேட்டாலே வாசலுக்கு ஓடுவேன்.

ஜீனத் சொன்ன மாதிரியே எங்கள் இரண்டு பேர் மேலும் பொய்ப் புகாருக்கு இன்ஸ்பெக்டர் தனியாகக் கோர்ட்டில் மனுப் போட்டார். தேதி வந்தது. அதே தேதியில் மாலை ஐந்து மணிக்குள் கவிநிலா வேலூரில் பயிற்சிக்குச் சேரவேண்டும் என்றும் வந்தது. மத்தியான பஸ்ஸில் அவளை ஏற்றிவிடலாம், ஒத்துக்கொண்டால் பத்து நிமிஷத்தில் வேலை முடியும் என்று அருள்ராஜ் சொன்னார். பெரிய வக்கீல் இல்லையா, நம்பினேன்.

மாஜிஸ்ட்ரேட் ஓர் இளம் பெண், கண்ணாடி போட்டவர். குற்றத்தை ஒத்துக்கொள்கிறீர்களா என்று கேட்டார். மாமியாரிடம் ஒத்துக்கொண்டதில்லை, கணவரிடம் ஒத்துக்கொண்டதில்லை, நாற்பத்தாறு வயதுவரை யாரிடமும் தப்பு என்னுடையது என்று சொன்னதில்லை. "ஆமாங்கம்மா" என்றேன். அடிதடிக்கும் ஆமாம், பொய்க்கும் ஆமாம். வேடியப்பனும் ஆமாங்க என்றான், எனக்கே சரியாகக் கேட்கவில்லை. மாஜிஸ்ட்ரேட் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நீங்க அண்ணன் தம்பி வீட்டு சண்டைக்குப் படிச்ச பொண்ணப் பிடிச்சி நடுவுல போட்டிருக்கீங்க" என்றார். "ரெண்டு பேருக்கும் அபராதம். அது தவிர, கோர்ட் கலையற வரைக்கும் காவல்."

எனக்குப் புரியவில்லை. அருள்ராஜ் காதருகே வந்து விளக்கினார். ஜெயிலுக்கு அனுப்பமாட்டார்கள். ஆனால் சாயந்திரம் மாஜிஸ்ட்ரேட் எழுந்து போகும்வரை இந்த ஹாலிலேயே உட்கார்ந்திருக்க வேண்டும், வாசலைத் தாண்டக்கூடாது. நீ கும்பிடு போடணும், இதுக்கு மேல கம்மியா ஒரு தண்டனை கிடையாது என்றார்.

"பொண்ணு மத்தியானம் பஸ் ஏறணும் சார். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போயிட்டு வந்துடறேன்."

"அதெல்லாம் முடியாதும்மா."

"அரை மணி நேரம்தான்."

"நீ இப்ப கைதி" என்றார். அதற்குமேல் அவரும் நிற்கவில்லை, வேறு கேஸுக்குப் போய்விட்டார்.

சுவரோரமாக ஒரே ஒரு பெஞ்சு. அந்தக் கோடியில் அவன், இந்தக் கோடியில் நான், நடுவில் என் துணிப்பை. ஒரு பெண் போலீஸ் காவலுக்கு நின்றாள். ஊருக்கெல்லாம் அம்புக்குறி போட்டுக் கழிப்பறை காட்டிய நாங்கள் இரண்டு பேரும், ஒன்றுக்குப் போக அவளிடம் விரலைக் காட்டிக் கேட்க வேண்டியிருந்தது. கோர்ட்டுக் கழிப்பறையில் தண்ணீர் இல்லை. திரும்பி வந்த வேடியப்பன் அதைப் பற்றி ஏதோ முணுமுணுத்தான், நான் காதில் வாங்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து, "எதிர் வூட்டுக்காரன் அஞ்சு பாத்ரூம் கட்டிட்டான் அண்ணி" என்றான். "லைட் போர்டு வச்சிருக்கான். நம்ம ரெண்டு பேர் வூட்டுக்கும் இனிமே எவனும் வரமாட்டான்."

"என்கிட்ட பேசாத" என்றேன்.

பன்னிரண்டு மணிக்கு வாசலில் கவிநிலா வந்து நின்றாள். ஒரு கையில் புது டிரங்குப் பெட்டி, தோளில் பை, முடியை இறுக்கிப் பின்னியிருந்தாள். டிரங்குப் பெட்டி நிலைப்படியில் இடித்துப் பெரிய சத்தம் எழுப்பியது. வாதாடிக்கொண்டிருந்தவர்கள் திரும்பினார்கள். மாஜிஸ்ட்ரேட்டுக்குக் கீழே உட்கார்ந்திருந்த கிளார்க் எரிச்சலோடு கேட்டார்.

"யாரும்மா அது? எந்தக் கேசு?"

"நான் எந்தக் கேஸ்லயும் இல்லைங்க சார்" என்றாள்.

ஹால் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள். சொல்லும்போது கிளார்க்கைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் நான் அந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அவளுக்கு அது தெரியும். தெரிந்துதான் சொன்னாள். எனக்கு அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது, ஓர் அறை விடவேண்டும் போலவும் இருந்தது.

உட்காருவதானால் சத்தம் போடாமல் உட்கார் என்றார் கிளார்க். அவள் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். இடையில் நாலு வரிசை ஆட்கள். என்னிடம் வர அவளுக்கு அனுமதி இல்லை, அவளிடம் போக எனக்கு அனுமதி இல்லை. ஒரு மணி நேரத்துக்கு மேல் அப்படியே இருந்தோம். பையில் அவளுக்காகக் கட்டி வைத்திருந்த புளிச்சோறு இருந்தது. பெண் போலீஸிடம் கொடுத்துக் கொடுக்கச் சொன்னேன். அவள் பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்துவிட்டு, மாஜிஸ்ட்ரேட்டை ஒரு தடவை பார்த்துவிட்டு, கொண்டுபோய்க் கொடுத்தாள். கவிநிலா வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

ஒன்றேகாலுக்கு எழுந்தாள். பெட்டியைத் தூக்கினாள், இந்தத் தடவை நிலைப்படியில் இடிக்காமல் பார்த்துத் தாண்டினாள். நான் என்னை அறியாமல் எழுந்துவிட்டேன். "உக்காரும்மா" என்று பெண் போலீஸ் தோளை அழுத்தினாள். உட்கார்ந்தேன்.

"பொண்ணு போறா அண்ணி" என்றான் வேடியப்பன். தூக்கி வளர்த்தவன் அவனும்தான், அது இப்போதுதான் நினைவுக்கு வந்ததாக்கும்.

"எனக்குத் தெரியுது. நீ திரும்பிப் பாக்காத. பாத்தேன்னா கண்ண நோண்டிடுவேன்."

அவன் பார்க்கவில்லை. நான் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதேன். ஒரு வருஷம் வரைக்கும் ஜெயில் போடலாம் என்று ஜீனத் சொன்னார். எனக்குக் கிடைத்தது ஒரே ஒரு பகல், அதிலும் ஃபேன் காற்று, குடிக்கத் தண்ணீர். ஆனால் என் மகள் போலீஸ் வேலைக்குப் பெட்டி தூக்கிக்கொண்டு போன பகல் அது. பஸ் ஸ்டாண்டில் அவளுக்கு ஜன்னல் சீட்டுப் பிடித்துக் கொடுக்க ஆள் இல்லை.

மாஜிஸ்ட்ரேட் ஐந்தே முக்காலுக்குத்தான் எழுந்தார். எல்லாரும் எழுந்து நின்றோம்.